மனைவியின் மகள்

எங்கள் லேபில் யாருக்கும் சொந்தப் பெயர் தங்காது. பிளாஸ்டர் கலக்குகிறவள் என்பதால் நான் ‘மாவு’. பாலிஷ் மிஷினில் உட்காருகிறவர் ‘பளபளா’. முதலாளிக்கும் ஒரு பெயர் உண்டு, அதை அச்சில் போட முடியாது. மெழுகில் பல் நடுகிறவள் மெழுகக்கா. இது மெழுகக்காவின் கதை.

நாங்கள் செய்வது பல் செட்டு. டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் உடைத்தெடுத்துக் கொடுப்பேன். அக்கா ஸ்பிரிட் விளக்கில் மெழுகுத் தகட்டை இளக்கி, அந்தப் பிளாஸ்டர் ஈறின் மேல் படியவைத்து, பற்களை ஒவ்வொன்றாக நடுவாள். பொறுமை வேண்டிய வேலை. எனக்கு அது மருந்துக்கும் கிடையாது, அதனால்தான் மாவு பிசைந்துகொண்டு கிடக்கிறேன்.

அக்கா யார் வீட்டுப் பெண் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒருநாள் என் மகளின் பள்ளிப் பாடத்தில் ஒரு கதை வந்தது. ‘வாலு’ என்று ஒரு சிறுமி. பால்பல் விழுந்ததும் அதைத் தூக்கி எறிய மாட்டேன் என்று அடம் பிடித்து, அப்பாவின் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்து, வளர்ந்திருக்கிறதா என்று தினமும் திறந்து பார்க்கிறாள். பல் விஷயமாயிற்றே என்று அதை லேபில் சொல்லிச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் விளக்கின் திரியை இறக்கினாள்.

“அது என் பல்லு” என்றாள்.

வாலுக் கதைகள் எழுதிய அந்த ஆளைத் தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை. அவர் தெருவில் நடந்தால் பஸ்ஸை நிறுத்தி டிரைவர் வணக்கம் சொல்வார். எனக்குப் புத்தகம் என்றாலே கொட்டாவி வரும், ஆனால் எனக்கே அவரைத் தெரியும். அவர் வீட்டில்தான் அக்கா எட்டு வயதிலிருந்து இருந்திருக்கிறாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டால், “நீங்க கேக்கலையே” என்றாள். இந்தப் பதிலுக்கு நான் அவளை ஒரு வாரம் வறுத்தெடுத்தேன்.

அக்காவின் அம்மா அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். புருஷன் செத்துப்போய், குழந்தையோடு தனியாக இருந்தார். எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியில் பாதியை வெட்டச் சொல்லி அச்சகத்திலேயே அவரோடு சண்டை போட்டாராம். அந்தச் சண்டை கல்யாணத்தில் முடிந்தது. எழுத்தாளருக்கு அதற்கு முன்பே ஒரு கல்யாணமாகி முறிந்திருந்தது. அதில் பிறந்த பெண் அக்காவைவிடக் கொஞ்சம் பெரியவள். முதல் மனைவி அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ரயிலில் போகிற தூரத்துக்குப் போய்விட்டார். அவளை இந்தக் கதையில் ‘தூரத்து மகள்’ என்றே சொல்லிக்கொள்கிறேன். எழுத்தாளரும் அப்படித்தான் எழுதினார். வாலு புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் ஒரே வரி: ‘தூரத்தில் இருக்கும் என் மகளுக்கு.’

அக்கா புதுவீட்டுக்குப் போன அன்று, “இனிமே இவரை அப்பான்னு கூப்பிடு” என்றாராம் அம்மா. எழுத்தாளருக்குக் கூச்சம். “அவளுக்கு எப்படி வருதோ அப்படிக் கூப்பிடட்டும்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். குழந்தைக்கு எப்படி வரும்? ஒன்றும் வரவில்லை. கடைசிவரை “இங்க பாருங்க”, “சாப்பிட வாங்க” என்றே ஓட்டிவிட்டாள். அவரும் அவளை “ஏம்மா” என்பார். வெளியாட்கள் கேட்டால், “என் வீட்டுக்காரியோட பொண்ணு” என்பார். பத்திரிகைக்காரனானாலும் பால்காரனானாலும் அதேதான். பொய் ஒன்றும் இல்லை, உண்மைதான். சில உண்மைகளைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் எழுதும் விதம் ஒன்று உண்டு. உட்கார்ந்து எழுத மாட்டார். சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே வாயால் சொல்லிப் பார்ப்பார். குழந்தை பேசுகிற இடம் வந்தால் நின்றுவிடுவார். “ஏம்மா, எட்டு வயசுப் பொண்ணு இப்படிச் சொல்வாளா?” என்று அக்காவைக் கேட்பார். அக்கா வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கி, “சொல்லமாட்டா. ‘எனக்குக் காது கேக்கல, நாளைக்குத் திட்டுங்க’ன்னு சொல்லுவா” என்பாள். அவர் உடனே போய் அதை எழுதிவிடுவார். வாலுவின் துடுக்குப் பேச்சு என்று ஊரே கொண்டாடுகிறதே, அதெல்லாம் இவள் வாயிலிருந்து போனது. லேபில் நாங்கள் வாயைக் கிண்டினாலும் நாலு வார்த்தை வராத அக்கா, ஒரு காலத்தில் அவ்வளவு பேசியிருக்கிறாள்.

“அவ்வளவும் நீங்க சொன்னதா? அப்ப வாலு நீங்கதானே?” என்று கேட்டேன்.

“இல்ல மாவு. வாய் என்னுது. ஆள் அவரோட பொண்ணு.”

பல் கதை எழுதிய வாரம்தான் தன் வாழ்க்கையிலேயே நல்ல வாரம் என்றாள். தன் பல், தான் செய்த அழும்பு எல்லாம் அவர் வாயில் நடந்துகொண்டிருப்பதைக் கேட்டிருக்கிறாள். இந்தத் தடவை புத்தகத்தில் நான்தான் என்று நினைத்து, பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். புத்தகம் வந்தது. முதல் பக்கத்தைத் திறந்தாள். அதற்கப்புறம் அந்தப் பக்கத்தை அவள் திறந்ததில்லை. அட்டையோடு சேர்த்து அந்தத் தாளையும் பிடித்துப் புரட்டப் பழகிக்கொண்டாள்.

வாசகர்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருப்பார்கள். கதவைத் திறக்கிறவள் அக்கா. “நீங்கதான் வாலுவா?” என்று கண்கள் விரியக் கேட்பார்கள். “இல்லைங்க. அது அவரோட பொண்ணு. நான் வீட்டுல இருக்கறவ” என்பாள். வந்தவர் முகம் வாடும். பாவமாக இருந்து, சும்மா ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று பல தடவை தோன்றியதாம். தோன்றியதோடு சரி.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தூரத்து மகளுக்குப் போன் செய்வார். போன் கூடத்தில்தான் இருந்தது. கதவைச் சாத்திக்கொள்வார். அக்கா வெளியே துணி மடிப்பதுபோல் நிற்பாள். முணுமுணுப்பு கேட்கும். சில சமயம் சிரிப்பு. வார்த்தை ஒன்றும் பிடிபடாது. “அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் எப்படிப் பேசுவார்னு தெரிஞ்சுக்கணும்னு அப்படி ஒரு ஏக்கம். ஒரே ஒரு தடவை என்கிட்ட அப்படிப் பேசினாப் போதும்னு இருக்கும்” என்று அக்கா ஒருநாள் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பிளாஸ்டரை ஓங்கிக் கலக்கினேன்.

அம்மா தவறிப்போனபோது அக்காவுக்கு இருபத்துச் சொச்சம். ஒரு வரன் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வேலை வெளியூரில். இவர் தனியாக இருந்தால் அடுப்பை அணைக்க மறந்து வீட்டையே கொளுத்திக்கொள்வார் என்று அக்கா அதை வேண்டாம் என்றாள். பிறகு வரன் வரவில்லை, இவளும் தேடவில்லை. எங்கள் லேபில் வேலை, வீட்டில் அவர். அவருக்குப் பல் போனபோது செட்டு செய்தவளும் இவள்தான். ‘ச’ வரவில்லை, ‘ழ’ சறுக்குகிறது என்று அவர் நூறு குறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் கொண்டுவந்து தேய்த்து, திரும்பப் போட்டுப் பார்த்து, மறுபடி தேய்த்தாள். மேடையில் அவர் கணீரென்று பேசியதெல்லாம் எங்கள் மேஜையில் சரிசெய்த உச்சரிப்பு.

அக்கம்பக்கத்தார், “பெத்த பொண்ணா இருந்தாக்கூட இப்படிப் பாக்கமாட்டா” என்று அவளைப் புகழ்வார்கள். மனசாரத்தான் சொல்வார்கள். அவள் சிரித்து வைப்பாள். பிறகு அன்று முழுக்க அவள் கையில் பல் நேராக நிற்காது.

கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. ‘ஆ’ என்றுகூடச் சொல்ல வரவில்லை. ஊரையே பேசவைத்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தார். நான் அடிக்கடி போய் உதவிக்கு நிற்பேன். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். அந்த மாதங்களில் அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். எதைக் கேட்கக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்ல முடிந்த காலத்தில் சொல்லியிருந்தால் முத்தா உதிர்ந்திருக்கும் என்று நான் அந்த ஆளை மனசுக்குள் திட்டுவேன். அப்படியே போய்ச் சேர்ந்தார். தூரத்து மகள் காரியத்துக்கு வரவில்லை.

உயிலை வக்கீல் வாசித்தார். எல்லாப் புத்தகங்களின் உரிமையும் ‘என் மனைவியின் மகளுக்கு’ என்றிருந்தது. எழுத்து உலகத்தில் ஒரே சலசலப்பு. ரத்த உறவில்லாதவள், பல் கட்டுகிறவள், இவளுக்கு இலக்கியம் என்ன தெரியும் என்று மேடை போட்டுப் பேசினார்கள். அக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வக்கீலிடம் ஒன்றுதான் கேட்டாள். “மகள்னு மட்டும் போட்டா சட்டப்படி செல்லாதா?”

“செல்லும். ஆனா குழப்பம் வரும். இது தெளிவா இருக்கு பாருங்க” என்றார் வக்கீல்.

தெளிவாகத்தான் இருந்தது. அத்தனை பெரிய சொத்தைக் கொடுத்த மனுஷன் வெறும் ‘மகள்’ என்ற மூன்றெழுத்தில் கஞ்சத்தனம் பார்த்துவிட்டார்.

வாரிசு ஆனபிறகும் அவள் லேபுக்கு வருவதை விடவில்லை. மதியம் சாப்பிட்டதும் ஒரு மூலையில் உட்கார்ந்து பதிப்பகத்தாரோடு போனில் பேசுவாள். எந்தக் கதையைப் பாடத்தில் சேர்க்கலாம், எதை நாடகமாக்கக் கூடாது என்று தீர்மானிப்பாள். யாராவது வாலுவின் பேச்சில் கைவைத்தால் மட்டும் குரல் மாறும். “அந்தப் பொண்ணு அப்படிப் பேசமாட்டா” என்று ஒரே வெட்டு.

போன வருஷம் பதிப்பகத்திலிருந்து ஒரு யோசனை வந்தது. வாலு புத்தகத்துக்குச் சிறப்புப் பதிப்பு. அதில் தூரத்து மகளின் சின்ன வயசு போட்டோ, ‘நிஜ வாலு பேசுகிறார்’ என்று ஒரு முன்னுரை. வாரிசு சம்மதிக்க வேண்டும். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. போன் வந்தால் எடுப்பதில்லை. மாதக்கணக்கில் இழுத்தாள்.

“முடியாதுன்னு சொல்லித் தொலைங்க. உங்க வாயை எடுத்து அவங்க முகத்துல ஒட்டப் போறானுங்க” என்றேன்.

“அவங்கதானே அவரோட பொண்ணு மாவு. நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?”

“அப்ப சரின்னு சொல்லுங்க.”

“அதுவும் வாய் வரலையே.”

இப்படி மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோது தூரத்து மகளே போன் செய்தார், நேரில் வருகிறேன் என்று. அக்கா போனை வைத்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தாள். நான் கூட இருக்க வேண்டும் என்றாள். இருவரும் லேபுக்கு லீவு போட்டோம். முதலாளி கத்தியதைப் பற்றித் தனியாக எழுதலாம்.

வந்தவரைப் பார்த்து நான் ஏமாந்துபோனேன். மிடுக்காக, பணக்காரத்தனமாக ஒருவரை நினைத்து வைத்திருந்தேன். சாதாரணமாக, களைத்துப்போய், பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். சரக்கு லாரி கம்பெனியில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கிற வேலையாம். நாள் பூராவும் டிரைவர்களோடு கத்திக் கத்திக் குரல் கரகரத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். “போன் எங்க இருந்தது?” என்று கேட்டார். அக்கா கூடத்தில் ஒரு மூலையைக் காட்டினாள். அவர் போய் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பிறகு பட்டென்று விஷயத்துக்கு வந்தார். “அந்த முன்னுரையெல்லாம் வேணாம். நான் எழுதமாட்டேன். போற இடமெல்லாம் நீதான் வாலுவா, நீதான் வாலுவான்னு கேட்டே உசிரை எடுத்துட்டாங்க. நான் அப்படியெல்லாம் பேசினதே இல்ல. பேசியிருந்தா எங்கம்மா வாயிலேயே போட்டிருப்பாங்க.”

அக்கா தலையாட்டினாள்.

“முதல் பக்கத்துல இருக்கற வரியையும் எடுத்துடுங்க. உரிமை உங்ககிட்டதானே இருக்கு. எனக்கு ஒரு பொறந்தநாளுக்கு வரல. பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கினா வரல. ஊருக்கே தெரியற மாதிரி ஒரு வரி மட்டும் எழுதிட்டார். யானைப் பசிக்குச் சோளப்பொரி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயுசுக்கும் அக்கா பார்க்கப் பிடிக்காமல் புரட்டித் தள்ளிய அந்த வரி. இப்போது அதை எடு என்று உடையவளே வந்து சொல்கிறாள். ‘சரி’ என்று சொன்னால் முடிந்தது. நான் அக்காவையே பார்த்தேன்.

“அதை என் கையால எடுக்கமாட்டேன்க்கா” என்றாள் அவள். “உங்களை நினைச்சுத்தான் எழுதினார். அது இருக்கட்டும்.”

‘அக்கா’ என்று அவள் கூப்பிட்டதை இரண்டு பேருமே கவனித்தார்கள். மெழுகக்கா டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். தூரத்து மகள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி சேலை முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. எனக்கே அதிசயம்தான்.

டீ வந்தது. கையில் வாங்கிக்கொண்டு தூரத்து மகள் கேட்டார். “போன்ல அவர் என்கிட்ட என்ன பேசுவார்னு உங்களுக்குத் தெரியுமா?”

அக்கா இல்லை என்று தலையசைத்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

“உங்களைப் பத்தித்தான். ‘என் பொண்ணுக்கு இன்னைக்குப் பல்லு விழுந்துச்சு, டப்பாவுல போட்டு வெச்சிருக்கா’ன்னுவார். எந்தப் பொண்ணுன்னு கேப்பேன். ‘இங்க இருக்கறவதான், வேற யாரு’ன்னுவார். அப்பதான் எனக்கும் பல்லு விழுந்திருந்துச்சு. சொல்ல வந்த வாயை மூடிக்கிட்டேன். எப்பப் பாரு என் பொண்ணு இதைச் சொன்னா, என் பொண்ணு கோவிச்சுக்கிட்டா. நான் உங்களை வெறுத்த மாதிரி உலகத்துல யாரையும் வெறுத்ததில்லைங்க.”

அக்கா அழுதாள். அவள் அழுது நான் அன்றுதான் பார்த்தேன், அவர் செத்த அன்றுகூட அவள் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பக்கத்தில் இருப்பவளிடம் தூரத்தில் இருப்பவளை மகள் என்பாராம், தூரத்தில் இருப்பவளிடம் பக்கத்தில் இருப்பவளை மகள் என்பாராம். முகத்துக்கு நேரே அந்த வார்த்தையைச் சொல்ல வக்கில்லாமல் இரண்டு பேரையும் காயப்போட்டுவிட்டு, குழந்தை மனம் அறிந்தவர் என்று பட்டம் வேறு வாங்கிக்கொண்டாரே மனுஷன்!

சாயங்காலம் வரை அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் தூங்கும்போது கை எங்கே இருக்கும், இருமல் எப்படி இருக்கும், கோபம் வந்தால் என்ன செய்வார் என்று தூரத்து மகள் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். புறப்படும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்படி வரை போனவர் திரும்பி நின்றார்.

“கடைசியில என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“சொன்னாருக்கா” என்றாள் மெழுகக்கா, கண் இமைக்காமல். “பெரிய பொண்ணு வந்துட்டாளா, பெரிய பொண்ணு வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தார். வாசலையே பாத்துக்கிட்டு இருந்தார்.”

அவர் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படியிறங்கிப் போனார்.

தெரு முனையில் அவர் தலை மறைந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். “என்னக்கா இது? அந்த ஆளுக்குப் பேச்சே இல்லையே. நான்தானே கூட நின்னு புரட்டிப் போட்டேன்? எதுக்கு இப்படி ஒரு பொய்?”

“அவ்வளவு தூரத்துலேர்ந்து அதைக் கேக்கத்தான் மாவு வந்திருக்காங்க. வெறுங்கையோட எப்படி அனுப்பறது?”

டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள், உடனே மூடினாள். திரும்பி என்னைப் பார்த்தபோது அந்தப் போன் பேச்சைக் கேட்டதிலிருந்து அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் இல்லை.

“மாவு, அந்தப் பல்லு விஷயம் பாடப்புத்தகத்துலயே இருக்கே. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? நான் அவங்களுக்குச் சொன்ன மாதிரி, அவங்களும் என் மூஞ்சியைப் பாத்துட்டுச் சும்மா சொல்லியிருப்பாங்களோ?”

எனக்கு என்ன தெரியும்? சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். கேட்டுச் சொல்ல அந்த ஆளும் இல்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அட, நீங்க ஒண்ணுக்கா” என்றேன். “நீங்க டீ போட உள்ள போனப்ப அவங்க என்கிட்டயே சொன்னாங்க. ‘அந்த மனுஷன் வாய்க்கு வாய் என் பொண்ணு, என் பொண்ணுன்னு இவங்களைத்தான் சொல்லுவார், கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலா வரும்’னு. மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. இன்னும் அந்தக் கோவம் போகல அவங்களுக்கு.”

“எரிச்சலா வரும்னா சொன்னாங்க?”

“ஆமா.”

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“அவங்க சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொல்லு” என்றாள்.

சொன்னேன்.